கறார் சௌந்தரராஜன் சார்

"நாலாவது தடவையும் திருப்பி அனுப்பினாருன்னா நான் விட்டுருவேன் சுபாஷ்!"

லிபியா போனைப் பையில் போட்டாள். அடுத்த நொடியே எடுத்துப் பார்த்தாள். சூளகிரி தாண்டி, கல்லூரிப் பேருந்து லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது.

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் கணித மென்பொருள் அது. மைனஸ் பின்னத்தைச் சுருக்கச் சொன்னால், மைனஸை விழுங்கிவிட்டு விடை சொன்னது. இரண்டாம் ஆண்டு மாணவி லிபியா அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து அனுப்பியிருந்தாள். அவளுடைய முதல் திருத்தம். சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர், முகம் தெரியாத சௌந்தரராஜன்.

"என்ன குத்தமாம்?" வகுப்புத் தோழன் சுபாஷ் கேட்டான்.

"மொதல்ல, சோதிச்சுப் பாத்த கணக்கு எங்கன்னாரு. அப்புறம், பூஜ்யம் குடுத்துப் பாத்தீங்களான்னாரு. நேத்து, கமாவுக்கு அப்புறம் எடம் விடலையாம்!"

"ரிட்டயர்டு வாத்தியாரா இருப்பாரு. பேரைப் பாரு."

"அதாம்பா பயமா இருக்குது. என்னையப் போயி 'ரெஸ்பெக்டட் சார்'னு எழுதறாரு."

"சாரா? நல்லாக் கிண்டல் பண்றாரு போ!"

போன் அதிர்ந்தது. லிபியா கண்ணை இறுக மூடிக்கொண்டு அதை சுபாஷிடம் நீட்டினாள்.

"லிபியா, சேத்துக்கிட்டாரு!"

அவள் போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

முன் சீட்டில் பாட்டுக் கேட்டபடி லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்த இறுதியாண்டு ரஞ்சிதா, ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள்.

"என்னடி, நல்ல சேதியா? எனக்கும் இப்பத்தான் நிம்மதி. நான் சரிபாக்கற கணக்கு சாப்ட்வேர்ல ஒரு பெரியவரோட திருத்தத்தைச் சேத்துட்டேன். ஜெபராஜ்னு பேரு. பாவம், மூணு வாட்டி திருப்பி அனுப்பியும் இந்த வயசுல சலிக்காம செஞ்சாரு."

லிபியா வாயைப் பிளந்தாள்.

"அக்கா, ஜெபராஜ் எங்கப்பா! காலேஜ் அப்ளிகேஷனுக்கு அவரு பேர்ல ஆரம்பிச்ச மெயிலத்தான் நான் எல்லாத்துக்கும் குடுக்கறேன்."

ரஞ்சிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, நானும் அப்படித்தான்டி! எங்கப்பா பேரு சௌந்தரராஜன்."