வலது கால்

சோபாத் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மாமியார் மீண்டும் பாய்ந்து வந்தார். மருமகள் முதுகைத் திருப்பிக் குதிகாலால் பின்னுதை விட்டாள். அது தலையணையின் ஓரத்தை மட்டும் உரசியது.

நாளை டேக்வாண்டோ இறுதிப் போட்டி.

"லேட்டு! அவ கால் தரையை விட்டு எழும்புறப்பவே திரும்பணும்னு நீதானே சொன்ன? வலது கால்தான் வரும், திரும்பு!"

"கடைசி நேரத்துல இடது காலைத் தூக்கிட்டா அத்தை?"

"தூக்க மாட்டா. எழுதி வெச்சுக்கோ."

"போதும் அத்தை, உங்களுக்கு வலிக்கும்."

"என் வலியை விடு. போன வருஷம் அவகிட்ட தோத்துட்டு வந்து, குழாயைத் திறந்துவிட்டுட்டு பாத்ரூம்ல அழுதியே, அது எனக்குக் கேட்டுச்சு. இந்த வருஷம் கேக்கக் கூடாது. வா!"

இம்முறை குதிகால் தலையணையின் நடுவில் இறங்கியது. சோபாவில் போய் விழுந்த மாமியார், விழுந்த இடத்திலிருந்தே கை தட்டினார். "இதான்டி என் தங்கம்!"

சத்தம் கேட்டு ஓடி வந்த மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அம்மா, இது உனக்கே அடுக்குமா? நாளைக்கு இவ எதிர்ல நிக்கப்போறது என் அக்கா! நீ பெத்த பொண்ணு!"

"இவளும் என் பொண்ணுதான். நீ தள்ளி நில்லு."

"அது சரி, அக்கா வலது காலைத்தான் தூக்குவான்னு உனக்கு எப்படித் தெரியும்? அவ ஆடும்போதெல்லாம் நீ பயந்து கண்ணை மூடிக்குவியே!"

மாமியார் தலையணையை விலக்கி வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"பத்து மாசம் உள்ளேயிருந்து உதை வாங்கினவடா நான்."