கீழே நிற்பவன்

ஏணியின் உச்சியில் மனைவி நின்றாள். அடியில், ஏணிக் காலைப் பிடித்துக்கொண்டு, அவன்.

நடுப்பகல். சாத்தியிருந்த கார் ஷெட் கதவு தோசைக்கல்லாகக் காய்ந்து, உள்ளே இருந்தவர்களை வாட்டி எடுத்தது. ஏணியைத் தொடவே கையில் பழந்துணி சுற்றவேண்டியிருந்தது.

வீட்டுக்காரர் பல் டாக்டர். உள்வாசலில், மின்விசிறிக் காற்று முதுகில் படும்படி நின்றுகொண்டு முறையிட்டார். காலையில் ஒழுங்காக ஏறும் கதவு வெயில் ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறதாம். அண்ணாந்து, அவளிடம்தான் சொன்னார்.

தலை முழுக்க நரைத்த மனிதர் அவளை அக்கா என்றார்.

அவர் மட்டுமா? போனில் இவன் குரல் கேட்டால், அக்கா வருவாங்களா என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. இவன் என்ன அக்காவுக்குப் பெட்டி தூக்குகிறவனா?

வெயிலில் கிரீஸ் உருகி ஓடிவிட்டது, ஸ்பிரிங்கும் தளர்ந்துவிட்டது, கதவைத் தூக்க அதற்குத் தெம்பில்லை என்று அவள் விளக்கினாள். எல்லாம் அவன் கற்றுக்கொடுத்த வார்த்தைகள். அவன் சொன்ன காலத்தில் ஒருவரும் இப்படி வாயைப் பிளந்துகொண்டு கேட்டதில்லை.

டாக்டர் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தார். ஒரே ஒரு டம்ளர்.

அவள் பாதி குடித்துவிட்டு மீதியைக் கீழே நீட்டினாள். வேண்டாம் என்றான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஏணியின் உச்சி அவனுடையதாக இருந்தது.

இரண்டு இரும்புக் கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகி, கதவுக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்கை முறுக்கவேண்டும். முறுக்கு போதும் என்றானதும், அது அவிழாமல் பிடித்துக்கொள்ள, பக்கத்தில் இருக்கும் மூன்று திருகாணிகளை இறுக்கவேண்டும். அப்புறம்தான் கடைசிக் கம்பியை உருவலாம். இறுக்காமல் உருவினால் ஏற்றிய முறுக்கு அத்தனையும் கண்மூடித் திறப்பதற்குள் அவிழும். கம்பி எதை அடிக்கும் என்று சொல்லமுடியாது.

அவன் மணிக்கட்டை அடித்தது.

அன்று கீழே ஆள் இல்லாமல் தனியாக வேலைசெய்தான். அதன்பிறகு அவனே போட்ட சட்டம்தான் இது: மேலே இருப்பவர் கேட்கவேண்டும், கீழே நிற்பவர் திருகாணிகளைப் பார்த்துவிட்டு ‘எடு’ என்று சொல்லவேண்டும். சொல்லாமல் கம்பியைத் தொடக்கூடாது.

எலும்பு கூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்று காலையில்கூட, நான் ஏறுகிறேனே என்று கேட்டுப்பார்த்தான். கை நோகும், இருக்கட்டும் என்று அவள் ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நோவது கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் முறுக்கினாள். அலட்டல் இல்லாத முறுக்கு. தோள் அசைந்ததே தவிர முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இந்தத் திறமையாவது கொஞ்சம் குறைந்திருக்கக்கூடாதா என்று அவனுக்கு வயிறு எரிந்தது.

ஸ்பேனர் இரண்டு தரம் கிறீச்சிட்டது. ஒரு கையால் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் கீழே குனிந்து பார்த்தாள்.

“எடுக்கட்டுமா?”

அவன் அண்ணாந்தான். முதல் திருகாணி இறுகியது போலத் தெரிந்தது. இரண்டாவதும். கடைசியில் இருந்ததன் தலை மட்டும் ஒரு நெல்மணி அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதல் இரண்டையும் திரும்பப் பார்த்தான். அவையும் சும்மா தொட்டுக்கொண்டுதான் நின்றன, பிடிக்கவில்லை.

ஏய், நில்லு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து டாக்டர் சொன்னார்: “உங்க கை நல்ல கை, அக்கா. முன்னாடி ஒருத்தர் வந்தாரு பாருங்க, செஞ்சு ஒரு மாசம்கூடத் தாங்கல.”

அந்த ஒருத்தர் அவன்தான். ஒரு கை தூரத்தில் நிற்கும் அவன் முகம் டாக்டருக்கு ஞாபகமில்லை.

மேலே அவள் சிரிப்பை அடக்குவது போலிருந்தது. அடக்கினாளோ, வெக்கைக்கு முகத்தைச் சுளித்தாளோ. அவனுக்குச் சிரிப்பாகத்தான் பட்டது.

ஒரே ஒரு தடவை. இந்தக் கிழவர் கண்ணெதிரே, ஒரே ஒரு தடவை அவள் கை தவறட்டும். ஓரமாகத்தானே நிற்கிறாள், என்ன ஆகிவிடும்?

“எடு” என்றான்.

அவள் எடுக்கவில்லை.

கம்பியைப் பிடித்த பிடி மாறாமல், மறுகையால் ஸ்பேனரைப் போட்டு மூன்று திருகாணிகளையும் ஒவ்வொன்றாக, நிதானமாக இறுக்கினாள். அப்புறம் யாரையும் கேட்காமல் கம்பியை உருவினாள். ஸ்பிரிங் சிணுங்கக்கூட இல்லை.

டாக்டர் ஒற்றைக் கையால் கதவைத் தூக்கிப் பார்த்தார். பஞ்சு போல் ஏறியது. வெளி வெயில் ஷெட்டுக்குள் வந்து விழுந்தது. வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்ட அவர் உள்ளே போனார்.

அவள் இறங்கிவந்து அவன் பக்கத்தில் நின்று கையுறைகளைக் கழற்றினாள். உள்ளங்கை சிவந்துகிடந்தது.

“நேத்தும் வேணும்னேதான் லூசா விட்டேன். நேத்தும் பாத்துட்டுத்தான் எடுன்னு சொன்னீங்க. நீங்க அந்தப் பக்கம் திரும்பினப்புறம்தான் இறுக்கிட்டு எடுத்தேன்.”

நேற்று பார்க்கவில்லை, வேர்வை கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தான். அது பொய். கையில் சுற்றியிருந்த பழந்துணியை அவிழ்த்தான்.

அவள் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. இடுப்பில் இருந்த ஸ்பேனரை உருவி, துடைத்து, அவன் வலது கையில் வைத்தாள்.

“அடுத்த வீட்டுல நீங்க ஏறுங்க, மாமா. நான் கீழ நிக்கிறேன்.”