வீக்குக்கு அடுத்த வார்த்தை

"சார், வீக்குக்கு மேல என்ன வார்த்தை இருக்கு?"

டெய்லரம்மா கேட்டதும் வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

மருந்துக்கடை மாடியில் ஒரே ஒரு அறை. சாயங்கால ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. இலக்கணம் கிலக்கணம் எல்லாம் வாத்தியாருக்கு ஆகாது. முடிகிற நேரத்தில் ஒவ்வொருத்தரும் மறுநாள் பிழைப்புக்கு வேண்டிய வார்த்தையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம். டிரைவர் 'டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்' என்பதற்குக் கேட்பார். பியூட்டிஷியன் 'உங்களுக்கு வயசே தெரியல' என்பதற்குக் கேட்பாள்.

இந்த அம்மா மட்டும் வந்த நாளிலிருந்து நோஞ்சான் வார்த்தையாகவே கேட்கிறாள்!

"ஃப்ரெயில்னு சொல்லலாம். லேசாத் தட்டினாலே விழுந்துடற உடம்பு."

டெய்லரம்மா சிரித்தாள். பளிச்சென்ற சிரிப்பு.

"அதுக்கும் மேல?"

"டிக்ளைனிங். நாளுக்கு நாள் இறங்கிக்கிட்டே போறது."

அதற்கும் சிரித்தாள். இருட்டிப்போன ஜன்னல் கண்ணாடியில் ஒரு தடவை தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். அழகு வேறு பார்க்கிறாளாக்கும்!

"யாருக்கும்மா உடம்பு சரியில்ல?"

"என் மாமியாருக்கு சார்."

பியூட்டிஷியன் டிரைவரை இடித்தாள். அவ்வளவுதான், வகுப்பு முடிந்து படியிறங்குவதற்குள் கதை முழுசாகத் தயார்.

"தையல் கடை மாமியார் பேர்ல இருக்கு சார். ரெண்டு மிஷின், நல்ல ஓட்டம். கிழவி கண்ணை மூடினா கடை யாருக்கு? சிரிக்காம என்ன செய்வா?" என்றாள் பியூட்டிஷியன்.

"சேச்சே, அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று வாத்தியார் வாயால்தான் சொன்னார். மனசுக்குள், 'இருக்கும், இருக்கும்' என்று தலையாட்டிக்கொண்டார். தன் அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்த மனுஷர். அந்தச் சிரிப்பு அவரைச் சும்மா விடவில்லை.

மறுநாளும் வந்தாள்.

"சார், இன்னிக்குக் கொஞ்சம் வேகமாச் சொல்லுங்க. டாக்டர் பேசற மாதிரி. இருக்கறதுலயே மோசமான வார்த்தை எதையும் விட்டுடாதீங்க."

வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"டிடீரியரேட்டிங். ரொம்ப மோசமாகிட்டே வர்றது."

சிரிப்பு.

"வேஸ்டிங் அவே. உருகிக் கரைஞ்சு போறது."

சிரிப்பு. மறுபடியும் ஜன்னல் கண்ணாடி.

"சிங்க்கிங்... உயிர் அடங்கிக்கிட்டு வர்றது!"

உதடு ஒரு கணம் நடுங்கியது. ஆனாலும் சிரித்துவிட்டாள்.

வாத்தியாருக்கு வந்ததே கோபம்!

"நிறுத்தும்மா! ஒரு உயிர் போறதைச் சொல்லிக்கிட்டிருக்கேன், கல்யாண வீட்ல நிக்கற மாதிரி சிரிக்கிறீங்க. உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? இனிமே இந்த வகுப்புப் பக்கம் வராதீங்க. எழுந்து போங்க!"

பியூட்டிஷியன் முகத்தில், 'நான் சொல்லல?' என்கிற திருப்தி.

டெய்லரம்மா எழுந்தாள். போகவில்லை.

"போயிடறேன் சார். நாளைக்குக் காலைல டாக்டர் ரிசல்ட் சொல்றாரு. அதனால எல்லாத்தையும் சேர்த்து ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க."

"எதுக்கு? இன்னொரு தடவை சிரிக்கவா?"

"ஆமா சார். சிரிக்கத்தான்."

வாத்தியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"டாக்டருக்குத் தமிழ் வராது. அத்தைக்கு இங்கிலீஷ் வராது. நடுவுல நான் ஒருத்திதான். அவர் பேசும்போது அத்தை அவரைப் பார்க்கறதே இல்ல சார். என் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. போன தடவை அவர் 'வீக்'னு சொன்னாரு. எனக்குத் தெரிஞ்ச வார்த்தை. என் மூஞ்சி வாடிப்போச்சு. அவ்வளவுதான். அன்னையிலேர்ந்து அத்தை மிஷின்ல உட்காரல. சரியாச் சாப்பிடவும் இல்ல."

டெய்லரம்மா ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள்.

"புரியாம நின்னா வைத்தியம் கெட்டுடும். புரிஞ்சுக்கிட்டா மூஞ்சி காட்டிக்கொடுத்துடும். சொல்லவேண்டியதை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், பக்கத்துல உட்கார்ந்து, கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்குவமாச் சொல்லிக்குவேன். டாக்டர் முன்னாடி அந்த நாற்காலியில உட்கார்ந்து என் மூஞ்சியைப் பார்த்து அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது சார். மத்த வார்த்தைக்கெல்லாம் பழகிட்டேன். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் இன்னும் உதடு ஆடுது."

பியூட்டிஷியன் தலையைக் குனிந்துகொண்டாள். டிரைவர் மெல்ல எழுந்து, ஒரு நாற்காலியை டெய்லரம்மா பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"இதுல உங்க அத்தை உட்கார்ந்திருக்காங்கன்னு வச்சுக்குவோம். சார்தான் டாக்டர். ஆரம்பிங்க சார்."

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"யுவர் மதர் இன் லா இஸ் வெரி ஃப்ரெயில்."

டெய்லரம்மா சிரித்தாள்.

"ஷி இஸ் டிக்ளைனிங்."

சிரித்தாள்.

"ஷி இஸ்..." வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டெய்லரம்மாவின் சிரிப்பு கொஞ்சமும் கலையவில்லை. காலி நாற்காலியை ஓரக்கண்ணால் காட்டி, மெதுவாகச் சொன்னாள்:

"சார், மூஞ்சி... அத்தை பார்த்துடப் போறாங்க."