சத்தம் போடாத பெல்ட்

மாவு மில்லில் மோட்டாரின் வேகத்தை வாங்கி அரவைக் கல்லைச் சுற்றவைக்கும் பெல்ட்டுக்கு, தான் போடும் கீச்சுச் சத்தம் பெரிய மானக்கேடாக இருந்தது. தினமும் எண்ணெய் குடிக்கும் பேரிங் வேறு, "உரசாம ஓடவே வராதா உனக்கு?" என்று சிரிக்கும்.

பெல்ட் எண்ணெய்க் கேனிடம் போய்க் கெஞ்சியது. "அண்ணே, எனக்கும் ரெண்டு சொட்டு ஊத்துங்க."

மறுநாள் அது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. பெருமை தாங்கவில்லை. கல் மட்டும் அசையவே இல்லை.

"நீ தொடுறதே எனக்குத் தெரியலையேப்பா," என்றது கல்.

புட்டுக்கு அரிசி கொண்டுவந்திருந்த எஸ்தர் எட்டிப் பார்த்தாள். "நேத்து கத்திக்கிட்டாவது அரைச்சுக் குடுத்துச்சு. இன்னிக்கு என்ன, சும்மா சுத்துது?"

எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம்போல் இருந்தது பெல்ட்டுக்கு. ஓடவும் செய்தது. ஒவ்வொரு சுற்றிலும் அவள் கண்ணெதிரேதான் வந்து சேர்ந்தது.