ஏணிக் கணக்கு

"ஒரே பரீட்சை, ரெண்டு விதமான கேள்வியா? இது என்ன நியாயம், மிஸ்?"

பெற்றோர் கூட்டத்தில், வினாத்தாளோடு கட்டியிருந்த இரண்டு விடைத்தாள்களைத் தட்டிக் காட்டினார் ஷாகுல். ஒன்று அவருடைய மகள் கைனாத்துடையது. மற்றது அதே பத்தாம் வகுப்பில் படிக்கும் ஜீவிதாவுடையது.

"உட்காருங்க, சார்" என்றார் கணித ஆசிரியை ஜெயசீலி.

"என் பொண்ணுக்குச் சுவத்துல சாஞ்ச ஏணி. அந்தப் பொண்ணுக்கு மட்டும் அச்சடிச்சதை அடிச்சிட்டு, உங்க கையெழுத்துல சுலபமா ஒரு மனைக் கணக்கு! ரெண்டே மார்க்ல அவ கணிதப் போட்டிக்குப் போறா, என் பொண்ணு வீட்ல உட்காரணுமா? மறுபடி பரீட்சை வைங்க. இல்லன்னா ஹெச்.எம்.கிட்ட போவேன்."

கைனாத் அவர் சட்டையை இழுத்தாள். "அத்தா, வேணாம். வாங்க போலாம்."

"நீ சும்மா இரு. உனக்காகத்தான் பேசிக்கிட்டிருக்கேன்."

ஜெயசீலி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"பதின்மூன்று அடி ஏணி. அடிப்பக்கம் சுவரிலிருந்து x அடி தள்ளி இருக்கு. அதைவிட ஏழு அடி அதிகமான உயரத்துல சுவரைத் தொடுது. மனைக்கு மூலைவிட்டம் பதின்மூன்று, அகலம் x, நீளம் ஏழு அதிகம். ரெண்டுக்கும் ஒரே இருபடிச் சமன்பாடு. மைனஸ் பன்னிரண்டைத் தள்ளிட்டா, ரெண்டுக்கும் விடை ஐந்து. இதுல எது சுலபம், சார்?"

ஷாகுல் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். பிழை இல்லை. குரல் மட்டும் இறங்கவில்லை.

"ஒண்ணுதான்னா எதுக்கு மாத்தணும்?"

ஜெயசீலி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஜீவிதாவோட அப்பா பெயிண்டர். போன மாசம் ஏணியிலிருந்து விழுந்து இறந்துட்டார். அந்தக் கணக்குக்கு அவ ஏணி படம் வரையணும், சார்."

ஷாகுல், "பாவம்தான். ஆனா அச்சடிக்கும்போதே உங்களுக்கு இது தோணியிருக்கணும்ல?" என்றார்.

"எனக்குத் தோணல. முதல் பெஞ்சுல தாள் வாங்கின ஒரு பொண்ணுக்குத்தான் தோணிச்சு. கடைசி பெஞ்சுல இருந்த ஜீவிதாகிட்ட தாள் போறதுக்குள்ள ஓடி வந்து என் கையைப் பிடிச்சா. நான் வேற கணக்கு யோசிச்சு எழுதி முடிக்கிற வரைக்கும் நகரவே இல்ல. 'உனக்கு நேரம் போகுதும்மா'ன்னு சொன்னேன், கேக்கல."

"யாரு மிஸ் அது?"

ஜெயசீலி, கைனாத்தின் விடைத்தாளைக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பி அவர் முன் வைத்தார்.

"உங்க பொண்ணோட கடைசிக் கணக்கு பாதியில நிக்குது பாருங்க, சார்."