இருட்டு முறை

“முகம் தெரியக்கூடாது. நிழல் மட்டும்தான் விழணும். உட்கார்ந்திருக்கிறது யாருன்னு எனக்கே தெரியக்கூடாது, புரியுதா?” என்றார் இயக்குநர்.

கேமராக்காரர் தலையாட்டியபடி நாற்காலிக்குப் பின்னால் இருந்த விளக்கை இன்னும் ஒரு சாண் தள்ளிவைத்தார். நாற்காலி காலியாக இருந்தது. பத்து மணிக்கு வரவேண்டியவர் பத்தே முக்கால் ஆகியும் வரவில்லை.

வீட்டு வேலை செய்கிறவர்கள் சங்கத்தின் மாடி அறை அது. ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்திருந்ததில் உள்ளே வெந்துகொண்டிருந்தது. கூடுதல் விலை கொடுத்துக் கசங்கலாகவே வாங்கிய இயக்குநரின் சட்டை, இப்போதுதான் நிஜமாகக் கசங்கத் தொடங்கியிருந்தது.

செங்கல் சூளை, சாக்கடை, தையல் ஆலை என்று இருபது வருடத்தில் ஒன்பது ஆவணப்படங்கள் எடுத்தவர். ‘எளியவர்களின் குரலைக் கேட்கும் காது’ என்று பாராட்டிய விருதுப் பட்டயம் அவர் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. தினமும் துடைக்கப்படுவதால் அதன் கண்ணாடி பளபளவென்றிருக்கும்.

பேசுகிறவர் யார் என்று எடுப்பவருக்குத் தெரியக்கூடாது. எடுப்பவர் யார் என்று பேசுகிறவருக்கும் தெரியக்கூடாது. அப்போதுதான் உண்மை பயமில்லாமல் வெளியே வரும் என்பது அவர் கண்டுபிடித்த ‘இருட்டு முறை’. கல்லூரி கல்லூரியாகப் போய் அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார். மாணவர்களுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வரும்.

“அந்தம்மா பேட்டி இல்லேன்னா படமே இல்லைங்க. ஆறு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமைகூட லீவு குடுக்காத வீடு! எடுத்தவரைக்கும் இன்னிக்குத் தேர்வுக்குழு பார்க்கப்போகுது. பிடிச்சா உலகத் திரைப்பட விழா. பிடிக்கலேன்னா நான் கல்யாண வீடியோ எடுக்கத்தான் போகணும்” என்று சங்கச் செயலாளரிடம் பொருமினார்.

“அதுல சாப்பாடாவது நல்லாருக்கும்” என்றார் கேமராக்காரர், யாருக்கும் கேட்காத மாதிரி எல்லாருக்கும் கேட்கும்படி.

இயக்குநரின் செல்போன் அடித்தது. மனைவி.

“ஆமா, தேர்வுக்குழு மூணு பேரும் ஒரு மணிக்கு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்துடுவாங்க. எல்லாம் சூடா இருக்கணும். அந்தக் காரணம், இந்தக் காரணம்னு யார் எதைச் சொன்னாலும் என்கிட்ட கொண்டு வராதே. நான் படப்பிடிப்புல இருக்கேன்!”

போனைப் பைக்குள் போட்டார். “எங்க விட்டேன்? ஆங்... சுரண்டல்.”

செயலாளர் பொறுமையிழந்து தன் போனை எடுத்து அந்த அம்மாளைக் கூப்பிட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். “எங்கம்மா இருக்கீங்க? இங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க.”

“வரமுடியலைக்கா.” ரகசியம் பேசுகிற அடிக்குரல். பின்னால் குக்கர் சீறிக்கொண்டிருந்தது. “ரெண்டே மணி நேரம்தான் கேட்டேன். விடமாட்டேன்னுட்டாங்க. நம்ம பேச்சைக் காது குடுத்தே கேட்கலை.”

இயக்குநரின் கண்கள் மின்னின. இதைவிட நல்ல காட்சி காலியான நாற்காலிக்குக் கிடைக்குமா? ‘ஓடவிடு’ என்று கேமராக்காரருக்குச் சைகை காட்டிவிட்டு, செயலாளரின் கையிலிருந்த போனை வெடுக்கென்று பிடுங்கினார்.

“அம்மா, நான்தான் இந்தப் படத்தோட இயக்குநர் பேசுறேன். நீங்க எதுக்கும் பயப்படாதீங்க. ரெண்டு மணி நேரம் வெளிய விடமாட்டானாமா? அவனெல்லாம் ஒரு மனுஷனா?”

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது.

“சொல்லுங்கம்மா. தைரியமாச் சொல்லுங்க. அவன் எவ்வளவு பெரிய ஆளா வேணா இருக்கட்டும்.”

“சார்... அது நீங்களா சார்?” என்றது குரல், மெதுவாக.

தன் புகழ் சமையலறைவரை எட்டியிருப்பதில் இயக்குநர் ஒரு நொடி கரைந்துபோனார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நானேதாம்மா. என் இருபது வருஷ முறையையே உங்களுக்காக இன்னிக்கு உடைக்கிறேன். நிழலும் வேண்டாம், இருட்டும் வேண்டாம். அந்த வீட்டு விலாசத்தை மட்டும் சொல்லுங்க. கேமராவோட நேரா வாசல்ல வந்து நிக்கிறேன். அந்த ஆளோட முகத்தை ஊரே பார்க்கட்டும்!”

கேமராக்காரர் விளக்கைத் திருப்பி இயக்குநரின் முகத்துக்கு நேராக வைத்தார். முகம் தெளிவாக விழுந்தது.

“விலாசம் எதுக்கு சார்? ஒரு மணிக்கு நீங்க சாப்பிட இங்கதானே வருவீங்க?”