தேவிக்குப் புரியும்படி

சர்வர் கணினிகளைத் தானாகப் பராமரிக்கும் மென்பொருளில் ஏதாவது தவறினால் திரையில் நூறு வரி பிழைச் செய்தி கொட்டும். அதை எளிதாக்க என் கணவர் புகழேந்தி வீட்டிலிருந்தபடியே ஒரு நிரல் எழுதினார். அது காட்டும் செய்தியைத் தினமும் என்னைத்தான் படிக்கச் சொல்வார்.

"என்ன புரியுது தேவி?"

"உங்க கம்பெனிக்கு வேற ஆளே கெடைக்கலனு புரியுது."

சிரித்துவிட்டுத் திருத்துவார். ஆறு மாதத்தில் அது ஒரே வரியானது: 'மூன்றாம் சர்வரில் இடமில்லை. பழைய பதிவுகளை நீக்கவும்.'

"இப்ப புரியுதுங்க."

"அப்ப நீயே நீக்கு."

நீக்கினேன்.

போன மாதம் மயங்கி விழுந்தவர், நான்காம் நாள் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். புற்றுநோய் முற்றிவிட்டது என்றார்கள். காரியம் முடிந்ததும் அவருடைய மேலாளர் மணிவேல் போன் செய்தார்.

"திங்கக்கெழம வேலைக்கு வந்துடுங்கம்மா. அவர் எடம் உங்களுக்குத்தான்."

"எனக்கு என்ன சார் தெரியும்?"

"உங்களுக்குப் புரியணும்னுதானே அதையே எழுதினாரு. ஜாஸ்தி நாள் இல்லனு தை மாசம் டாக்டர் சொன்ன அன்னிக்கே எங்கிட்ட வந்து உங்களுக்காக இந்த வேலையக் கேட்டாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அந்தத் தைப் பௌர்ணமிக்கு நாங்கள் இருவரும் கிரிவலம் போனோம். பதினான்கு கிலோமீட்டரும் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தார். மணிவேலிடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லை.